பதினேழு வார்டுகள்

எங்கள் மருந்தகம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரே ஒரு சன்னல், அதுவும் கூரையை ஒட்டி. அதன் வழியாக வெளியே நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். ஆறு வருடங்களாக நான் மனிதர்களை முழங்காலுக்குக் கீழேதான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வசதியாகவே இருந்தது. கால்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘நீ ஒண்ணு பேசேன்’ என்று சொல்வதில்லை.

அங்கே வேலை எப்போதும் இரண்டு பேராகத்தான் நடக்கும். ஒருவர் எடுப்பவர், இன்னொருவர் வாசிப்பவர். வார்டிலிருந்து மருந்துச் சீட்டு வந்ததும் எடுப்பவர் அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். வாசிப்பவர் அதைக் கையில் தூக்கி, குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எடுத்தவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே காதால் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சீட்டின் ஓரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். குப்பி மேலே போகும்.

நான் எடுப்பவள். வாசிப்பவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. நான்கு வயது மூத்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது தன் நாற்காலியில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தவள். மருத்துவமனை முழுக்க அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாயில் நுழையாத மருந்தின் பெயரைக்கூட ஏதோ நல்ல செய்தி மாதிரி வாசிப்பாள். பக்கத்து அறையில் கணக்கெழுதுகிறவர்கள் சில சமயம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். எனக்கு அவள் வைத்த பெயர் பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பாள்.

கூட்டத்தில் பேசுவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. வேலைக்குச் சேர்ந்த மாதம், புதியவர்கள் எழுந்து தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்தபோது எனக்கு என் பெயர் ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காதான் எனக்காகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள்; ஆனால் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மார்ச் மாதம் நடந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். தவறுக்கு இல்லை, தவறை மறைத்ததற்கு.

அந்த வருடத்தின் தொடக்கத்தில் எங்களுக்குக் குப்பிகள் அனுப்பும் நிறுவனம் மாறியது. புதிய நிறுவனத்தின் உப்பு நீர்க் குப்பிக்கு நீல மூடி. பொட்டாசியக் குப்பிக்கும் அதே நீல மூடி, அதே உயரம், அதே சின்ன எழுத்து. உப்பு நீர் மருந்துப் பொடியைக் கரைப்பதற்கு. ஊசியில் ஏற்றினால் ஒன்றும் ஆகாது. பொட்டாசியத்தைப் பெரிய பை ஒன்றில் கலந்து, மணிக்கணக்கில், சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். நேராக ஊசியில் போட்டால் இதயம் நின்றுவிடும். இரண்டு குப்பிகளையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் அடுக்கியிருந்தார்கள், இரட்டைப் பிள்ளைகளைத் தூங்க வைத்த மாதிரி.

ஒரு பிற்பகல், உப்பு நீர் கேட்டு நாலாம் மாடியிலிருந்து சீட்டு வந்தது. நான் எடுத்தேன். அக்கா வாசித்தாள். “உப்பு நீர், பத்து மில்லி.” இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கால் மணி நேரம் கழித்து நாலாம் மாடி சிஸ்டர் தானே படியிறங்கி வந்து, திறக்காத அந்தக் குப்பியை எங்கள் முன்னால் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. குப்பியைத் திருப்பி எழுத்து எங்கள் பக்கம் தெரியும்படி வைத்தார், அவ்வளவுதான். பொட்டாசியம்.

அக்கா வாசித்தது குப்பியை இல்லை, சீட்டை. பல வருடம் இந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் இது நடக்கும். கை குப்பியைத் தூக்கும், கண் சீட்டின் மேல் போகும், வாய் சீட்டில் இருப்பதைச் சொல்லும். கேட்கிற நான் அதே சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒத்துப்போகும். குப்பியை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஏதாவது நடந்தால் சிவப்புத் தாள் எழுத வேண்டும். எழுதியவரே மாதக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். அது மருத்துவமனையின் விதி. நான் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அக்கா அதன் மேல் கையை வைத்தாள்.

“ஏறாத ஊசிக்கு எதுக்குடி சிவப்புத் தாள்? நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.”

வேறு யாராவது என்றால் மறுத்திருப்பார்கள். நான் நாற்பது முகங்களை நினைத்துப் பார்த்தேன். தாளைத் திரும்ப உள்ளே வைத்தேன். உண்மையில் எனக்கு அப்போது வந்தது நிம்மதி.

நிம்மதி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. அந்த நாலாம் மாடிப் படுக்கையில் இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் சன்னல் வழியாகப் போகும் ஒவ்வொரு சோடிக் கால்களையும் பார்க்கும்போது, இதுவாக இருக்குமோ, குணமாகி நடந்து போகிறதோ என்று தோன்றத் தொடங்கியது.

மே மாதம் நான் ஒரு திட்டம் எழுதினேன். பொட்டாசியக் குப்பிகள் இனி எந்த வார்டுக்கும் போகக் கூடாது. கீழே மருந்தகத்தில் தனிப் பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கட்டும். வேண்டியவர்களுக்கு நாங்களே பையில் கலந்து அனுப்புவோம். நான்கு பக்கம் எழுதித் தலைமை மருந்தாளரிடம் கொடுத்தேன். மீசையை ஒரு விரலால் தடவிக்கொண்டே படித்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்த விரலிலேயே தெரிந்தது. கலப்பதற்கு ஆள் வேண்டும்; ஆளைக் கேட்டு அவர்தான் நிர்வாகத்தின் முன்னால் நிற்க வேண்டும். ஆனாலும் மறுக்கவில்லை. ஜூன் கடைசியில் மருந்துக் கமிட்டி கூடுகிறது, ஆறாம் மாடியில், பத்து நிமிடம் நேரம் தருகிறேன், வந்து பேசு என்றார். நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மறுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது.

அக்காவிடம் சொன்னேன். அவள் தானே பேசிவிடுவதாகச் சொன்னாள். நீ எழுதிக் கொடு, நான் வாசிக்கிறேன், நமக்கு எப்பவும் அதானே வழக்கம் என்றாள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒன்றை நானே சொல்லாவிட்டால், அந்தக் கால்கள் சன்னலில் நடந்துகொண்டே இருக்கும் என்று பட்டது. அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, சரி, பூனையைக் குரைக்க வைத்துவிடலாம் என்றாள்.

ஐந்து வாரம். தினமும் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரம், குளிர் அறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் பயிற்சி. அக்கா ஒரு அட்டைப் பெட்டியின் மேல் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்காருவாள். முதல் வாரம் நான் சுவரைப் பார்த்துப் பேசினேன். இரண்டாவது வாரம் அவளுடைய செருப்பைப் பார்த்து. மூன்றாவது வாரம்தான் முகத்துக்கு வந்தேன்.

வீட்டிலும் பேசிப் பார்த்தேன். அண்ணன் பேருந்து ஓட்டுபவன். அண்ணியையும் உட்கார வைத்துக்கொண்டு, முழுப் பத்து நிமிடமும் கொட்டாவி விடாமல் கேட்டான். பிறகு தன் பங்குக்கு ஓர் ஆலோசனை சொன்னான். “நான் தினம் அம்பது பேரை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டுப் போறேன். ஒரு நாள்கூடப் பயந்ததில்ல. திரும்பிப் பார்த்தாத்தான் பயம்.” அண்ணி அவனிடம், அப்படியென்றால் அவள் கமிட்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டுமா என்று கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்து, அதுவும் ஒரு வழிதான் என்றான்.

அக்காவின் வழி வேறு. “பயம்னா என்னன்னு நினைக்கிற? என்ன கேப்பாங்களோங்கிறதுதான். அதை எழுதிடு. எந்தக் கேள்வி வந்தா நீ செத்துடுவியோ, அதையெல்லாம் எழுது. நான் தினம் கேக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துப் போகட்டும்.”

மருந்துப் பெட்டிக்குள் வரும் வெள்ளை அட்டைகளில் எழுதினேன், ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி. இத்தனை வருடம் ஒருவரும் சாகவில்லையே, இப்போது என்ன அவசரம்? நள்ளிரவில் ஒரு வார்டுக்கு உடனே வேண்டுமென்றால் பூட்டைத் திறந்து கலந்து தரும்வரை நோயாளி காத்திருப்பாரா? மூன்றாவது அட்டையில், பதினேழு வார்டுகளுக்கும் கலந்து அனுப்ப எத்தனை கை வேண்டும் என்று எழுதினேன். அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். போன வருடம் குழந்தைகள் பகுதியை இரண்டாகப் பிரித்த பிறகு எங்களுக்குப் பதினெட்டு வார்டுகள். புதுசாகப் பிறந்ததை அநாதையாக விட்டுவிட்டாயே என்றாள். பயிற்சிக்குத்தானே என்று அட்டையை அப்படியே விட்டுவிட்டோம். திரையில் காட்டும் படத்தில் சரியாகப் போட்டேன்.

அட்டைகள் அக்காவிடமே இருந்தன, கேட்பவள் அவள்தானே. வெள்ளைக் கோட்டின் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவிலும் திடீரென்று ஒன்றை உருவுவாள். தலைமை மருந்தாளர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு கேட்பாள். மூக்கால் பேசும் மயக்க மருந்து டாக்டர் மாதிரி கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். சிரிப்பு வந்த இடத்தில் பயம் வரவில்லை. அவள் சொன்னது சரிதான்.

எட்டாவது அட்டையை நான்காவது வாரம் எழுதினேன். ‘இந்தத் தவறை நீங்களே செய்திருக்கிறீர்களா?’

அக்கா அதை மட்டும் சத்தமாக வாசிக்கவில்லை. இதை எவனும் கேட்க மாட்டான், கிழித்துப் போடு என்றாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்றேன். அவளிடம் சொல்லும்வரை, அப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

“என்னையும் சொல்லுவியா?”

“உன்னைச் சொல்ல மாட்டேங்கா. எடுத்தேன்னு மட்டும் சொல்லுவேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அடுத்த மாதம் எங்கள் ஷிப்டுக்கு ஒரு மேற்பார்வையாளரை நியமிக்கப் போகிறார்கள் என்றும், பட்டியலில் முதல் பெயர் அவளுடையது என்றும் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. அட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நானே குப்பையில் போட்டுவிடுகிறேன் என்றாள். பிறகு என் காலரைச் சரிசெய்துவிட்டு, அன்று எந்த உடை போடப் போகிறாய் என்று கேட்டாள்.

ஆறாம் மாடி அறையில் சன்னல்கள் தரையிலிருந்து கூரைவரை இருந்தன. வெளியே மழை. நீள மேசையைச் சுற்றிக் கமிட்டி, பன்னிரண்டு பேர். பின்னால் போட்டிருந்த நாற்காலிகளில் மருந்தக ஊழியர்கள். பேசி வைத்தபடியே அக்கா கடைசி வரிசையில், கதவோரம். அவள் கன்னத்தில் கை வைத்தால் எல்லாம் சரி. மூக்கைத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

என்னை அழைத்தார்கள். போய் நின்றேன். முதல் படம் திரையில் வந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாக்கு யாருடையதோ போல இருந்தது. மேசை மேல் தண்ணீர் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. தலைமை மருந்தாளர் மைக் வேலை செய்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்கா கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

அவ்வளவு போதும். மேசையும் பன்னிரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போனார்கள். ஒரு நீண்ட குழாயின் அந்தப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு குப்பிகளின் படத்தைக் காட்டினேன். இதில் எது உப்பு நீர் என்று கேட்டேன். நான் சும்மா கேட்டதற்கு மயக்க மருந்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொன்னார். அறையில் ஒரு சின்ன சலசலப்பு. ஒரு முறை அவள் மூக்கைத் தொட்டாள், நிதானித்தேன். பத்து நிமிடம் முடிந்தபோது எனக்கு இன்னும் பேச வேண்டும் போலிருந்தது. அந்த ஆசையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

கேள்விகள் தொடங்கின. தலைமை மருந்தாளர் மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்துக்கொண்டார். இத்தனை வருடம் ஒருவரும் சாகவில்லையே, இப்போது என்ன அவசரம் என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல் ஆனது. எங்கள் முதல் அட்டை! நாங்கள் எழுதியது அப்படியே வருகிறதே, அக்கா எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன். பதில் தண்ணீர் போல வந்தது. இரண்டாவது கேள்வி நள்ளிரவுப் பூட்டு. அதற்கும் சொன்னேன். நாலாம் மாடி சிஸ்டர், செவிலியர்கள் சார்பில் கமிட்டியில் இருப்பவர், என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

“சரிம்மா. பதினேழு வார்டுக்கும் கலந்து அனுப்ப எத்தனை கை வேணும்?”

குழந்தைகள் டாக்டர் குறுக்கே வந்தார். “பதினெட்டு சார். எங்க புது வார்டை விட்டுட்டீங்க.”

தலைமை மருந்தாளர் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். “இங்க பதினேழுன்னுதான் இருக்கு,” என்றார்.

மழை சன்னலில் வழிந்துகொண்டிருந்தது. பதினேழு என்று உலகத்தில் ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது. அது என் கையெழுத்தில், மருந்துப் பெட்டியில் வந்த ஒரு வெள்ளை அட்டையில், ஒரு கோட்டுப் பைக்குள் இருந்தது.

கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்காவின் கை கன்னத்தில் இல்லை. மடியில் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆள் போதும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் சொன்னது, மனம் வேறு எங்கோ நின்று எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் வரிசைப்படி வந்தன. எட்டாவதைக் குப்பையில் போட்டிருப்பாள் என்று அப்போதும் நம்பினேன். மற்றதைக் கொடுத்திருக்கலாம், அதைக் கொடுத்திருக்க மாட்டாள்.

தலைமை மருந்தாளர் தாளை மடித்து வைத்தார். கோப்பிலிருந்து வேறொன்றை எடுத்தார். சிவப்பு.

போன வாரம் இது தன்னிடம் வந்தது என்றும், திட்டத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் கமிட்டி கேட்க வேண்டும் என்றும் சொன்னார். எழுதியவரே வாசிக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லிப் பின் வரிசையைப் பார்த்தார். அக்கா எழுந்தாள். முன்னால் வந்து தாளை வாங்கிக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி தூரம்தான். அவள் தலையில் தடவும் எண்ணெயின் வாசனை வந்தது.

“மார்ச் பன்னிரண்டாம் தேதி பிற்பகல், நான்காம் மாடிக்கு உப்பு நீருக்குப் பதிலாகப் பொட்டாசியக் குப்பி அனுப்பப்பட்டது. எடுப்பவர், வாசிப்பவரான நான் வாசிக்கும் முன்பே, அவசரத்தில் குப்பியை அனுப்பிவிட்டார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் இதுநாள்வரை தெரிவிக்காமல் இருந்தேன். வருந்துகிறேன்.”

ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. முற்றுப்புள்ளி வரும் இடங்களில் குரல் அழகாகத் தணிந்தது. அன்று குப்பியைப் பார்க்காத மாதிரியே, இன்று நடந்ததைப் பார்க்காமல், தாளில் இருப்பதை வாசித்தாள்.

தலைமை மருந்தாளர் கமிட்டியின் பக்கம் திரும்பி, ஆகக் குப்பி மேல் தப்பில்லை, ஆள் மேல்தான் தப்பு, விதிப்படி வாசித்திருந்தால் இது நடந்திருக்காது, இதற்குப் பெட்டி எதற்கு, பூட்டு எதற்கு என்றார். சத்தம் போடவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்: “எடுத்தது நீங்கதானே?”

“நான்தான் சார்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கொடுத்த வாக்கும் அதுதான். எடுத்தேன் என்று மட்டும் சொல்வேன். நிறுத்தினால் வாக்கு நிற்கும், திட்டம் விழும், நீல மூடிகள் பக்கத்துப் பக்கத்தில் தூங்கும். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு முகமும் இப்போது தெளிவாகத் தெரிந்தன. யாருக்குக் கண்ணாடி, யாருக்கு நரை, யார் கையில் பேனா என்று என்னால் சொல்ல முடிந்தது. பயம் எங்கே என்று தேடினேன். அது உட்காரும் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அசைகிற எண்ணமில்லை.

“ஆனா வாசிக்காம அனுப்பல,” என்றேன். “அக்கா வாசிச்சாங்க. குப்பியைக் கையில எடுத்து, உப்பு நீர், பத்து மில்லின்னு சத்தமா வாசிச்சாங்க. நான் கேட்டேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

“மறைச்சது தப்பு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. எழுந்து நின்னு வாசிக்கப் பயந்துதான் நான் தாள் எழுதல. ஆனா ஒண்ணு சொல்றேன் சார். இந்த ஆஸ்பத்திரியில அக்காவைவிட நல்லா வாசிக்கிறவங்க யாரும் இல்ல. அது உங்க எல்லாருக்கும் தெரியும். அவங்களே அந்தக் குப்பியைத் தப்பா வாசிச்சாங்கன்னா, வேற யார் கையில கொடுத்தாலும் தப்பாத்தான் வாசிப்பாங்க.”

நாலாம் மாடி சிஸ்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சீட்டு எங்க ஃபைல்ல இருக்கு, ரெண்டு கையெழுத்தும் இருக்கு என்றார். வேண்டுமானால் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று தலைமை மருந்தாளரைக் கேட்டார். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

திட்டத்தை மூன்று மாதம் செய்து பார்ப்பது என்று முடிவானது. பதினெட்டு வார்டுகளுக்கும். மறைத்ததற்காக எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். மேற்பார்வையாளர் பட்டியலைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை, பேச வேண்டியிருக்கவில்லை.

லிஃப்டுக்குக் கூட்டமாக இருந்தது. படியில் இறங்கினேன். நான்காம் மாடித் திருப்பத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யாருடைய கால்கள் என்று திரும்பாமலே தெரிந்தது; அவற்றைப் பார்த்துத்தானே ஒரு வாரம் முழுக்கப் பேசினேன்.

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினல்ல,” என்றாள் அக்கா. கோபமாக இல்லை. ஏதோ சரிபார்ப்பது போலக் கேட்டாள்.

“நீ தாள் எழுதாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்? அங்க போய் நின்னா வாய் என்ன சொல்லும்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு வாரம் உன்னைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நாளுக்கு நாள் நல்லாப் பேச ஆரம்பிச்சுட்ட. நீ நல்லாப் பேசப் பேச எனக்குத் தூக்கம் போச்சு.”

அவள் கண்கள் சிவந்திருந்தன. எனக்கு ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. சிவப்புத் தாளைப் பற்றி இல்லை, பட்டியலைப் பற்றியும் இல்லை.

“தாளை அவர்கிட்டக் கொடுத்த அப்புறமும் ஒரு வாரம் பயிற்சிக்கு வந்தியேக்கா. இன்னைக்குக் கன்னத்துல கை வச்சியே. அது எதுக்கு?”

அக்கா படிக்கட்டின் கைப்பிடியை விரலால் தேய்த்தாள். “நீ நல்லாப் பேசணும்னுதான் வச்சேன்,” என்றாள். “நிஜமாத்தான்டி.”

அதைத்தான் எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் அண்ணன் கதவைத் திறந்த உடனே பேசினியா என்று கேட்டான். பேசினேன் என்றேன். பயந்தியா என்றான். கடைசியில் இல்லை என்றேன். அவன் அண்ணியைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வீட்டில் இரண்டு டிரைவர்கள் என்று அறிவித்தான். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனை உள்ளே போகச் சொன்னாள். நான் கை கழுவினேன். நெடுநேரம் கழுவினேன்.

மறுநாள் காலை பணிப் பட்டியலில் எங்கள் இருவரின் பெயரும் வழக்கம் போல ஒரே வரியில் இருந்தன. மாற்றுவதற்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அக்கா முன்பே வந்திருந்தாள். நாற்காலிகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சன்னலில் ஈரக் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாம் மாடியிலிருந்து சீட்டு வந்தது. நான் எடுத்துத் தட்டில் வைத்தேன். அவள் குப்பியைத் தூக்கினாள். அதே குரல். பக்கத்து அறையில் யாரோ பேனாவைக் கீழே வைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அவள் வாசித்து முடித்துக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். ஆறு வருடமாக அந்தக் குரலைக் கேட்டதும் என் கை தானாகச் சீட்டுக்குப் போகும்.

“ஒரு நிமிஷம்,” என்றேன். அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்து, எழுத்து என் பக்கம் வரும்படி திருப்பி, நானே ஒரு முறை பார்த்தேன். சரியாகத்தான் வாசித்திருந்தாள்.